மலையேறி ஜெயித்த ரூம்

வீட்டில் யார் பெரியவர் என்பதை இந்த வாரத்துக்குள் நிலைநாட்டிவிடுவது என்று பிளான் மாஸ்டர் முடிவு கட்டினார். முடிவு கட்டியது சனிக்கிழமை காலையில், குளியலறைக்குள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. அவருடைய வீரமான முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். கதவைத் திறந்ததும் பாதி செத்துப்போகும். இது மட்டும் எப்படியோ சாப்பாட்டு மேஜை வரைக்கும் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டது.

பிளான் மாஸ்டர் என்பது ஆபீசில் வைத்த பெயர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். எந்த வீட்டுக்கு எங்கே வாசல், எந்த மாடிக்கு எத்தனை படி என்று முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லி வருகிறார். சொந்த வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்துவதென்றால் மட்டும் மனைவியிடம் கேட்டாக வேண்டும். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்கூடம் தையல் வகுப்பை நிறுத்திவிட்டது. அக்கம்பக்கத்தார் டீச்சர் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

இருவருக்கும் நடுவே இருந்த பிரச்சினை ஒரு ரூம். பத்தடிக்குப் பத்தடி. மகள் கல்யாணமாகிப் புருஷனோடு போனதும் காலியானது. மாப்பிள்ளை வீட்டார் வேன் தெருமுனை திரும்புவதற்குள் அந்த ரூமில் எங்கே கட்டில், எங்கே சாய்வு நாற்காலி என்று மாஸ்டர் மனசுக்குள் வரைந்து முடித்துவிட்டார். அழுதுகொண்டே டாட்டா காட்டிய டீச்சரும் சும்மா இருக்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

"இந்த ரூம் விவகாரத்துக்கு இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்" என்றார் மாஸ்டர்.

"தெரியட்டுமே. டீயைக் குடிங்க, ஆறிடும்."

"டீ ஆறட்டும். நான் ஆறமாட்டேன்."

"சரி, ஆறாதீங்க. அந்த ரூம்ல நான் தையல் கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன்."

"முடியாது! ஊருக்கெல்லாம் ரூம் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்குன்னு ஒரு ரூம் கிடையாதா?"

"உங்களுக்குத்தான் ஹால் முழுக்க இருக்கே. நீங்க சோபாவுல நீட்டிப் படுத்தா, அந்தப் பக்கம் போறவங்க தாண்டிக் குதிச்சுத்தான் போகணும்."

"ஹால்ல படுத்தா நீ எழுப்பி விடறியே."

"ரூம்ல படுத்தா எழுப்பமாட்டேனா?"

"அதுக்குத்தானே தாழ்ப்பாள்!"

ரகசியம் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. மனுஷனுக்கு வேண்டியது ரூம்கூட இல்லை, அந்தத் தாழ்ப்பாள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தால், "என்னங்க, அந்த டப்பாவை எடுத்துக் குடுங்க" என்ற குரல் கேட்காத ஒரு தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்க்காத தூக்கம் அது. அதற்காக அவர் எதையும் செய்யத் தயார்.

டீச்சர் கோபப்படவில்லை. தட்டை எடுத்தபடியே சொன்னார். "ரெண்டு மாசமா பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குது. ஒரு பந்தயம் வெச்சுப்போம். நாளைக்கு மலைக்குப் போவோம். கீழே இருந்து ஆளுக்கொரு வழியா ஏறுவோம். உச்சியில இருக்கிற பார்வை மேடைக்கு யார் முதல்ல வர்றாங்களோ, அவங்களுக்கு ரூம்."

மலை என்றால் ஊருக்கெல்லாம் தெரிந்த மலைதான். ரயிலில் ஒன்றரை மணி நேரம். மணற்பாறை மலை. அடிவாரத்திலிருந்து தலைவரை காடு மூடிக் கிடக்கும். நடுநடுவே பாறை மட்டும் செக்கச்செவேலென்று வெளியே தெரியும். வெயில் காலத்தில் பாதி ஊர் அங்கேதான் போய் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். மாஸ்டர் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு சோபாவில் வேலை இருந்தது.

"அதெல்லாம் எதுக்கு?" என்று இழுத்தார்.

"பயமா இருந்தா வேண்டாம்" என்றார் டீச்சர்.

"யாருக்குப் பயம்?"

"சரி, ஒத்துக்கிட்டீங்க. மலையோட படம் அலமாரியில இருக்கு. வேணும்னா பாத்துக்கோங்க."

மாஸ்டர் படத்தை மேஜைமேல் விரித்தார். விரித்ததும் முகம் மலர்ந்தது. வரைபடம்! அவருடைய சாம்ராஜ்யம் அல்லவா? அடிவாரத்தில் ஒரு குளம். அங்கிருந்து மஞ்சள் கோடாக ஒரு நடைபாதை, குடல் மாதிரி வளைந்து வளைந்து நாலு கிலோமீட்டர் சுற்றி உச்சிக்குப் போகிறது. அது கிடக்கட்டும். குளத்துக்கு நேர் மேலே, உச்சிக்கு நேர் கீழே, ஒரே இடத்தில் பத்திருபது கோடுகள் நெருக்கமாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஓடின. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. வீட்டு வரைபடத்தில் கோடுகள் நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் அது படிக்கட்டு. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். மலை வரைபடத்தில் அதே மாதிரி கோடுகள் நெருங்கி இருந்தால், அந்த இடத்தில் மலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் பிள்ளைகள் முப்பது வருஷம் படிக்கட்டு வரைந்தவர்கள் இல்லையே.

"படத்துக்குக் கீழே பொடி எழுத்துல ஏதோ விளக்கம் போட்டிருக்கு, படிச்சீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"விளக்கமெல்லாம் படம் பார்க்கத் தெரியாதவங்களுக்கு!" என்று மாஸ்டர் படத்தை மடித்து வைத்தார். அன்றைக்கு முழுக்க அவர் விசில் அடித்துக்கொண்டே திரிந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் அடிவாரத்துக் குளத்தங்கரையில் நின்றார்கள். ஈர மண் வாசனை. மேலே எங்கேயோ அருவி கொட்டுகிற சத்தம். டீச்சர் காலில் கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை. மாஸ்டர் ஆபீஸ் செருப்பும், இஸ்திரி போட்ட சட்டையும், கையில் குடையுமாக வந்திருந்தார். படிக்கட்டில் ஏறுவதற்கு ஷூ எதற்கு?

"நீ அந்த மஞ்சள் பாதையில போ. நல்ல அகலமான பாதை. உனக்கு அதுதான் சௌகரியம்" என்றார் பெருந்தன்மையாக.

"நீங்க?"

"எனக்கென்ன, ஆம்பளை. ஏதோ ஒரு வழியா வந்து சேருவேன்."

"பாத்துங்க. வழி சரியில்லைன்னா திரும்பி வந்துடுங்க. வீம்புக்கு எதுவும் பண்ணாதீங்க."

"தோத்துடுவோம்னு இப்பவே பயமா?" என்று மாஸ்டர் சிரித்தார். டீச்சர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

அந்த அம்மாளின் தலை மறைந்ததும் மாஸ்டர் புதருக்குள் பாய்ந்தார். கொடிகளைக் குடையால் விலக்கிக்கொண்டு, ஈரப் பாசியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, அரைமணி நேரத்தில் படம் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். பாறை. இன்னும் அண்ணாந்து பார்த்தார். இன்னும் பாறை. கழுத்து சுளுக்கிக்கொள்ளும் வரை பார்த்தார். பாறைதான்.

வேறு யாராக இருந்தாலும் தன் புத்தியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். மாஸ்டர் மலையைச் சந்தேகப்பட்டார். வரைபடத்தில் இருக்கிறது, இடத்தில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? கட்டினவன் ஏமாற்றியிருக்கிறான். இது அவர் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம். பாறையின் அடியோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு மணி நேரம் நடந்தார். கைப்பிடிக் கம்பியாவது கண்ணில் படாதா என்று தடவிப் பார்த்தார். கையில் மணல்தான் உதிர்ந்தது.

கடைசியில் ஒரு மூலையில் பாறை அடுக்கு அடுக்காக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணற்பாறை அப்படித்தான். ஒரு அடுக்கு கரையும், ஒரு அடுக்கு நிற்கும். மாஸ்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. படிக்கட்டு பழசாகித் தேய்ந்துபோயிருக்கிறது, பராமரிப்புப் போதவில்லை!

ஏறினார். முதல் படி சரியாக இருந்தது. இரண்டாவது படி முழங்கால் உயரம். மூன்றாவது இடுப்பு உயரம். "யார்டா இதுக்கு அளவு குடுத்தது?" என்று திட்டிக்கொண்டே ஏறினார். எட்டாவது படியோடு படிக்கட்டு முடிந்துவிட்டது. அதற்கு மேலே வழுவழுவென்று பாறை. சரி, இறங்கிவிடுவோம் என்று கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. இரண்டு மாடி உயரம். குடை கையைவிட்டு நழுவி, அங்கே இங்கே முட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் விழுந்தது. அது விழ எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மாஸ்டர் கவனித்தார். பாறையைக் கட்டிக்கொண்டார். கட்டின மனைவியைக்கூட அப்படி அவர் கட்டிக்கொண்டது கிடையாது.

"யாராவது இருக்கீங்களா?" என்றார். குரல் கொசு மாதிரி வந்தது. "காப்பாத்துங்க!" இப்போது யானை மாதிரி வந்தது.

மேலேயிருந்து ஒரு விசில். பாறை விளிம்பில் ஒரு பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. தலையில் ஹெல்மெட். கயிறு கட்டிப் பாறை ஏறக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியாளர் அந்தப் பெண். அன்றைக்குப் பார்த்து ஆறு மாணவர்களோடு மேலே வந்திருந்தது மாஸ்டரின் நல்ல காலம்.

"ஐயா, அசையாதீங்க!"

"நான் அசையறதா இல்லைம்மா!"

"அங்கே எப்படிப் போனீங்க?"

"படிக்கட்டு வழியா!"

"எந்தப் படிக்கட்டு?"

"அதைத்தான் ஒரு மணி நேரமா நானும் தேடிட்டிருக்கேன்!"

பயிற்சியாளர் மேற்கொண்டு கேட்கவில்லை. கயிற்றில் சரசரவென்று இறங்கி வந்தார். மாஸ்டரின் இடுப்பில் பட்டையை மாட்டினார், தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை வைத்து அமுக்கினார். "பயப்படாதீங்க. ரெண்டு நிமிஷத்துல பத்திரமா கீழே இறக்கிடறோம்."

"கீழேயா?" மாஸ்டர் பதறிப்போனார். "ஐயோ, கீழே வேண்டாம்! மேலே தூக்குங்க!"

"கீழே இறக்கறதுதான் சுலபம் ஐயா."

"சுலபம் யாருக்கும்மா வேணும்? கீழே போனா என் ரூம் போயிடும்!"

"எந்த ரூம்?"

"ஜன்னல் வெச்ச ரூம்மா! தாழ்ப்பாள் வெச்சது!" மாஸ்டர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

உயரத்தைப் பார்த்தால் சிலருக்குப் புத்தி கலங்கிவிடும் என்று பயிற்சியாளருக்குத் தெரியும். எதிர்த்துப் பேசக் கூடாது. "சரி, மேலேயே போவோம்" என்று விசில் கொடுத்தார். ஆறு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். நெல் மூட்டை மில்லுக்கு ஏறுவதுபோல மாஸ்டர் உச்சிக்கு ஏறினார். வழியில் சட்டைப் பொத்தான் மூன்று மலைக்கே சொந்தமாகிவிட்டன.

மேலே வந்ததும் பார்வை மேடையை ஒரு பார்வை பார்த்தார். ஒரு குடும்பம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. டீச்சரைக் காணோம். ஜெயித்துவிட்டார்! தலைகால் புரியவில்லை. மேடையின் பெஞ்சில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நடுங்கிய காலை இன்னொரு கால் அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஐந்து நிமிஷத்தில் டீச்சர் வந்தார். முகம் வெளிறி, கண் கலங்கியிருந்தது. வந்த வேகத்தில் அவருடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "அடி எதுவும் படலையே? நல்லா இருக்கீங்கல்ல?"

"எனக்கென்ன? வந்து ரொம்ப நேரமாச்சு. படிக்கட்டு ஜோரா இருந்தது."

டீச்சரின் கண் அவர் தலைமேல் இருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தது. அப்புறம் இடுப்பில் தொங்கிய பட்டையைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் வந்தார்.

"ஐயா, ஹெல்மெட்டைக் குடுத்தீங்கன்னா..."

மாஸ்டர் அசடு வழிந்தார். கழற்றிக் கொடுத்தார். திருதிருவென்று விழித்தார். பந்தயத்தில் கயிறு செல்லாது என்று இப்போது சண்டை வரும், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று மூளை தடதடவென்று ஓடியது.

"எப்படி வந்தா என்ன?" என்றார் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல்ல வந்தது நீங்கதான். ஜெயிச்சது ஜெயிச்சதுதான். ரூம் உங்களுக்கே."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அம்மாள் ஒரு வாதத்தை இப்படி விட்டுக்கொடுத்ததே இல்லை. மாஸ்டர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மனைவியின் கண்ணீரைப் பார்த்தார், தோற்ற துக்கம் என்று நினைத்தார், இளகிவிட்டார். ஜெயித்தவருக்குக் கொஞ்சம் கருணையும் வேண்டாமா?

"அழாதே. அந்த ஒரு ரூமைத் தவிர வீட்ல மத்ததெல்லாம் உனக்குத்தான். போதுமா?"

"ஹால்?"

"ஹாலும் உனக்கு."

"அப்புறம் பேச்சு மாறமாட்டீங்களே?"

"நானா? கொண்டா அந்தப் படத்தை!" மாஸ்டர் மலைப் படத்தை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். முழங்கால்மேல் வைத்துப் போட்டும் கோடு நேராக வந்தது. தொழில் சுத்தம் அப்படி. வீட்டை அளவு பிசகாமல் வரைந்தார். ரூமைக் கட்டம் கட்டி "என்னுடையது" என்று எழுதினார். மிச்சத்தையெல்லாம் சேர்த்து "அவளுடையது" என்று எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் பயிற்சியாளரிடம் வாங்கினார். "என் சாமான் என் ரூம்ல, உன் சாமான் உன் இடத்துல. ஒருத்தர் எல்லைக்குள்ள ஒருத்தர் வரக் கூடாது" என்று வாயாலும் சொன்னார்.

டீச்சர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அண்ணனுக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன். பத்திரமா வந்து சேர்ந்தோமான்னு கவலைப்படுவார்" என்று தள்ளிப் போனார். வரும்போது முகம் தெளிந்திருந்தது.

அப்புறம் இருவரும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். கீழே காடு அலையலையாகக் கிடந்தது. வெயில் பட்டுப் பாறை ஆரஞ்சு நிறமாகப் பளபளத்தது. தூரத்தில், புகைமூட்டத்துக்குள், அவர்கள் ஊர் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. அந்தக் கைக்குட்டைக்குள் தனக்கென்று ஒரு ரூம் இருக்கிறது என்று நினைத்தபோது மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். டீச்சர் அவர் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மாஸ்டரின் முழங்கால் இரண்டும் ராஜினாமா செய்துவிட்டன. மூன்றாவது மாடி. "மெதுவா வாங்க, நான் போய்க் கதவைத் திறக்கிறேன்" என்று டீச்சர் விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார். மாஸ்டர் ஒவ்வொரு படியிலும் நின்று, தன் ரூமை நினைத்து, அடுத்த படிக்குத் தெம்பு வரவழைத்துக்கொண்டு ஏறினார்.

இரண்டாவது மாடி வளைவில் மைத்துனர் எதிரே இறங்கி வந்தார். டீச்சரின் அண்ணன். தோளில் துண்டு, உடம்பெல்லாம் வியர்வை.

"வாங்க மாப்பிள்ளை. வாழ்த்துகள்! உங்க சாமான் எல்லாத்தையும் உங்க ரூம்ல ஏத்தியாச்சு. ஒரு கீறல் விழலை."

"என்ன சாமான்?"

"சோபா, டிவி, ரெண்டு பீரோ, சாப்பாட்டு மேஜை, நீங்க வரையற மேஜை எல்லாம்தான். நாலு பேர் சேர்ந்து அடுக்கினோம். சோபாவை மட்டும் நட்டுக்குத்தலா நிக்க வெச்சிருக்கு. கதவு ஒரு சாண் திறக்கும். நீங்க ஒல்லிதானே, சமாளிச்சுக்கலாம்."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மச்சான்? யார் சொன்னா?"

"தங்கச்சி சாவியை நேத்தே குடுத்து வெச்சிருந்துச்சு, மத்தியானம் போன் பண்ணிச்சு. மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார், ஆரம்பிங்கன்னு. அது ரெண்டு மாசமா தவிச்சிட்டிருந்துச்சு மாப்பிள்ளை. பள்ளிக்கூடம் வித்த எட்டு மெஷினையும் வாங்கி என் வீட்ல போட்டு வெச்சிருந்துச்சு, அதை வெச்சுக்கிட்டு அந்தச் சின்ன ரூம்ல என்ன பண்றது? ஹால் இருந்தாத்தான் கிளாஸ். ஆனா ஹாலைக் கேட்டா நீங்க விடுவீங்களா?"

"அப்போ அந்தப் பந்தயம்..."

"அதுல நீங்க ஜெயிச்சாத்தானே காரியம் ஆகும்! அது பாவம், பத்தரை மணிக்கே உச்சிக்குப் போயிடுச்சாம். நீங்க முதல்ல வரட்டும்னு அங்கே இருக்கிற டீக்கடையில மறைஞ்சு உக்காந்திருந்துச்சாம். கயித்துல நீங்க தொங்கறதைப் பார்த்ததும் உசிரே போயிடுச்சுன்னு போன்ல அழுதுச்சு. நல்லா ரெஸ்ட் எடுங்க மாப்பிள்ளை" என்று தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மிச்சமிருந்த மாடியை மாஸ்டர் எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. கதவு விரியத் திறந்திருந்தது. ஹாலில் இரண்டு வரிசையாக எட்டுத் தையல் மெஷின். எட்டின் முன்னாலும் எட்டுப் பெண்கள். டீச்சர் ஷூவைக்கூடக் கழற்றாமல், கழுத்தில் அளவு டேப்போடு, யாருக்கோ ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மாஸ்டர் பார்த்து வெகுகாலமாயிற்று. கத்த வேண்டும் என்று திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது. வாசற்படியைத் தாண்டிக் கால் வைக்க எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு அப்படியே நின்றார்.

முதல் மெஷினில் இருந்த பெண் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். புழுதி படிந்த தலை, பொத்தான் இல்லாத சட்டை. பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"டீச்சர், வாசல்ல யாரோ ஒரு பெரியவர் சட்டை தைக்க வந்து நிக்கிறார். இருக்கச் சொல்லட்டுமா, நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"